மனை என்றொரு சொல்: அடர்த்தி, நெரிசல், சாதி

1

விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, எங்கள் குடும்பத்துக்கு நான்கு கற்கள் இருக்கின்றன. கற்களுக்கு நடுவே 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். 2007இல் ஒரு ஏஜெண்டு வீட்டுக்கே வந்து கொடுத்த நோட்டீசைப் பார்த்து, மாதம் ஆயிரம் என்று 36 தவணை கட்டி வாங்கினார். 2010இல் பத்திரம் பதிவானது. அதில் ஒரு செங்கல்கூட வைக்காமல் 2019இல் செத்துப்போனார்.

அந்த நோட்டீசு இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் 'சென்னைக்கு மிக அருகில்'. திண்டிவனத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். விழுப்புரம் 160. இந்த வாக்கியம் இன்று எல்லோருக்கும் ஒரு நகைச்சுவை. விநாயக முருகன் இதையே தன் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார். நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒரு பிரதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது அதை வாசித்ததாகாது. யாருக்கு, எதிலிருந்து தூரமாக இருக்கவேண்டும் என்பதற்காக, அந்த இடம் 'சென்னைக்கு அருகில்' ஆகிறது? என் அப்பாவுக்குச் சென்னையில் எந்த வேலையும் இல்லை. அவர் அந்தக் கற்களை வாங்கியதற்குக் காரணம் சென்னை அல்ல.

இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது. நகரங்கள் பக்கவாட்டில் பரவலாமா, மேல்நோக்கி வளரவேண்டுமா, சாமானியருக்குக் கட்டுப்படியாகும் வீடு எப்படிக் கிடைக்கும் என்று இன்று நடக்கிற விவாதத்தில் அந்தக் காரணம் எங்கேயும் பேசப்படவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் சொல்லைப் பிடித்துத் தொங்கத் தெரியும். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சங்க இலக்கியத்தில் 'மனை' என்றால் வீடு, இல்லறம். மனையறம், மனையோள், மனைவி எல்லாம் அதிலிருந்து வந்தவை. இன்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் மனை என்றால் வீடு இல்லாத இடம். 'காலி மனை' என்று சொல்லும்போது அந்தச் சொல் தன் பழைய பொருளை முழுக்கத் துறந்துவிடுகிறது. 'நகர்' என்பதும் அப்படித்தான். பழந்தமிழில் வீட்டுக்கும் அரண்மனைக்கும் கோயிலுக்கும் நகர் என்று பெயர். இன்று அது வயலில் நட்ட கற்களுக்கு முன்னால் நிற்கிற வளைவில் எழுதியிருக்கும் ஒட்டு. ஆள் குடிவராத இடம் முதல் நாளே 'நகர்' ஆகிவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் போன சொல் 'சேரி'. சங்கப் பாடல்களில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம், தெரு, அவ்வளவுதான். முதலாம் ராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுக்கு வரும்போது 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று தனியாகக் குறிக்கப்படுகின்றன. அப்புறம் முன்னொட்டே தேவைப்படவில்லை, சேரி என்றாலே போதும் என்றாயிற்று. பிறகு அரசாங்கம் வந்து 'காலனி' என்றது. சென்னையில் ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் மரியாதை. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமத்தில் "நீ காலனியா?" என்று கேட்டால் அது முகவரி விசாரிப்பதல்ல. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். சேரி போய்க் காலனி வந்ததைப்போல, காலனி போய் வேறொன்று வரும். சொல் மாறினால் மனையின் அளவும் அதன் எல்லையும் மாறுமா என்பது என் கேள்வி.

வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. திண்டிவனத்துக் கிடங்கல்தான் சிறுபாணாற்றுப்படையின் கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அந்தப் பாட்டில் பாணனின் வீடு ஒன்று வருகிறது. சிதைந்த அடுக்களையில் குட்டி போட்ட நாய். வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டுத் தின்கிறார்கள். எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்து வள்ளலின் கொடைக்குப் போய்விடுவார்கள். கொடையில் சோறு உண்டு, துணி உண்டு, தேர்கூட உண்டு. அந்த அடுக்களையை யாரும் சரிசெய்து கொடுத்ததாகத் தெரியவில்லை.

3

இப்போது விவாதத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு விழுப்புரத்தில் ஒரு கூட்டம். பசுமை இயக்கத் தோழர்கள், ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர், சில எழுத்தாளர்கள், வந்து உட்கார்ந்த பத்து மாணவர்கள். அங்கே மூன்று குரல்கள் கேட்டன. மூன்றுமே நேர்மையான குரல்கள், அதனால்தான் மூன்றோடும் சண்டை போடவேண்டியிருக்கிறது.

முதல் குரல்: விளைநிலத்தை மனையாக்குவதை நிறுத்து. நகரம் கிடைமட்டத்தில் பரவினால் ஏரி போகும், நெல் போகும், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்படும். இருக்கிற ஊருக்குள்ளேயே மேலே கட்டு.

இரண்டாவது குரல்: விதிமுறைகளால்தான் வீட்டு விலை ஏறுகிறது. கட்டுவதை எளிதாக்கினால் வீடுகள் பெருகும், பெருகினால் விலை இறங்கும். எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2 ஆக உயர்த்தின. அதாவது மனையைப்போல இரண்டு மடங்கு தளம் கட்டலாம். இன்னும் உயர்த்தவேண்டும்.

மூன்றாவது குரல்: பட்டா கொடு. நிலமற்றவனுக்கு மூன்று சென்ட் கொடு. மற்றதெல்லாம் பணக்காரன் விவாதம்.

மூவரும் 'அடர்த்தி' என்ற சொல்லைப் புழங்கினார்கள். நான் எழுந்து ஒன்று கேட்டேன்: "ஐயா, அடர்த்திக்கும் நெரிசலுக்கும் என்னங்க வித்தியாசம்?" பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். அடர்த்தி என்பது ஒரு ஏக்கரில் எத்தனை பேர் என்பது, நெரிசல் என்பது ஒரு அறையில் எத்தனை பேர் என்பது. முன்னது திட்டமிடலின் கருவி, பின்னது வறுமையின் விளைவு. அகராதிப்படி சரி. ஆனால் அதிகாரத்தின் சொல்லாடலில் இந்த இரண்டு சொற்களும் எப்படி விநியோகிக்கப்படுகின்றன என்று பாருங்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிச் சட்டம் ஓர் இடத்தைக் குடிசைப்பகுதி என்று அறிவிக்கச் சொல்லும் காரணங்களில் ஒன்று, அங்கே ஆட்கள் அளவுக்கு மீறி நெருங்கி வாழ்வது. அதே ஆண்டில்தான் நகர் ஊரமைப்புச் சட்டமும் வந்தது. ஒரு சட்டத்தில் நெருக்கம் என்பது அகற்றுவதற்கான குற்றச்சாட்டு. இன்னொரு சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் நெருக்கம் என்பது காசு கட்டி வாங்கும் சலுகை.

நம் இலக்கியமும் இந்தப் பாகுபாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. சென்னையின் நடுத்தர வர்க்கத்து ஒண்டுக் குடித்தனத்தைத் தமிழ்ப் புனைகதை பரிவோடு எழுதியிருக்கிறது. பொதுக் குழாய், பங்கு போட்ட கழிப்பறை, சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் சண்டை எல்லாம் 'வாழ்வின் அவலம்' ஆயின. அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்து நான் அழுதிருக்கிறேன். ஆனால் அதே நெருக்கம் காலனியில் இருந்தபோது அது வெகுகாலம் அவலமாக அல்ல, அசிங்கமாகவே எழுதப்பட்டது. தலித் எழுத்து வந்தபிறகுதான் இது உடைந்தது.

4

எங்கள் காலனிக்கு வாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை 1980களில் நிலம் எடுத்துக் கொடுத்த இடம். இதற்கென்றே 1978இல் ஒரு தனிச்சட்டம் போட்டிருந்தார்கள். தாத்தா பேரில் மூன்று சென்ட் பட்டா. மூன்று சென்ட் என்றால் 1306 சதுர அடி. அதில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு ஒன்று. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆயிற்று. முன்பக்கம் ஒரு சாய்ப்பு, பின்பக்கம் ஒரு கொட்டகை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த மூன்று சென்டில் 14 பேர் இருந்தோம். ஆம்பிளைகள் தெருவில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பார்கள். மழை வந்தால் பள்ளிக்கூட வராந்தா.

ஒரு கணக்குப் போடுகிறேன். பாதை போக ஒரு ஏக்கருக்கு 25 மனை என்று வையுங்கள். எங்கள் வீட்டைப்போல எல்லா வீட்டிலும் கூட்டம் இருந்தால் ஏக்கருக்கு 350 பேர். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553. ஏக்கருக்குச் சுமார் 107 பேர். அது சாலை, கடற்கரை, ஆபீசு எல்லாம் சேர்ந்த கணக்கு, இது குடியிருப்பு மட்டும், எனவே இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது, தெரியும். எங்கள் வீடு எல்லா வீடும் அல்ல என்பதும் தெரியும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சென்னையைவிட அதிகம். கிராமத்தில், சுற்றிலும் வயல் இருக்கும்போது, தரைமட்டத்தில், மாடி இல்லாமல் இந்த அடர்த்தி!

ஏன்? சுற்றியுள்ள வயல் எங்களுடையது அல்ல. விற்பனைக்கு வந்தாலும் எங்களுக்கு விற்பதில்லை. ஊர்க்காரர் ஒருவர் விற்க நினைத்தால் பக்கத்து நிலத்துக்காரன் வந்து "காலனிக்காரனுக்கா குடுக்கப்போற?" என்பான், விஷயம் முடிந்தது. மேலே கட்டலாமே என்றால், தொகுப்பு வீட்டின் கூரை மேல்தளம் தாங்குவதற்காகப் போட்டதல்ல. ஆக எங்களுக்குக் கிடைமட்டமும் இல்லை, செங்குத்தும் இல்லை. இந்த அடர்த்தியை எந்தத் திட்டக்காரரும் வரையவில்லை. சாதி வரைந்தது. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 85 சதவீதம் பேர் கிராமத்தில் இருந்தார்கள், 29 சதவீதத்துக்கு மேல் தலித்துகள். ஆகவே நான் சொல்வது ஏதோ ஒரு மூலையின் கதை அல்ல.

சரி, டவுனுக்குப் போகலாமே? போனோம். நான் விழுப்புரத்தில் முதுகலை முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது வாடகைக்கு வீடு தேடினேன். வீடு காலியாக இருந்தது, 'வாடகைக்கு விடப்படும்' என்று பலகை தொங்கியது. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். "சொந்த ஊரு எது தம்பி? ஊரா, காலனியா?" என்றார். சொன்னேன். "அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்பா" என்றார். இப்படி நாலு வீடு. என்னிடம் முன்பணம் கையில் இருந்தது. இரண்டாவது குரலுக்கு என் பதில் இதுதான்: வீடுகளின் எண்ணிக்கை கூடினால் வாடகை குறையலாம், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கதவுக்கு முன்னால் கேட்கப்படுகிற கேள்வி குறையாது. 'கட்டுப்படியாகும் விலை' என்ற பொருளாதாரக் கருத்தாக்கம், பணம் இருப்பவன் எல்லோரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள் என்ற கற்பனைமேல் எழுப்பப்பட்டது. விழுப்புரத்தில் ஒரே தெருவில் இரண்டு சந்தை நடக்கிறது.

இப்போது அந்த நோட்டீசை மறுபடி வாசியுங்கள். 'பூங்கா, தார்ச்சாலை, கோயில், 24 மணி நேரக் குடிநீர்.' எல்லாம் பொய். ஆனால் ஏஜெண்டு அப்பாவிடம் சாதி கேட்கவில்லை. தவணை சரியாக வருமா என்று மட்டும் கேட்டான். அரை கிரவுண்டு 1200 சதுர அடி. தாத்தாவுக்கு அரசாங்கம் கொடுத்த மூன்று சென்ட் 1306 சதுர அடி. அளவில் அப்பா நூறு அடி நட்டப்பட்டுத்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் தாத்தாவின் பட்டா, பக்கத்து மனையில் யார் இருப்பார்கள் என்பதைப் பிறப்பால் தீர்மானித்துக் கொடுத்த இடம். அப்பாவின் மனைக்குப் பக்கத்து மனையை ஒரு முதலியார் வாத்தியார் வாங்கியிருந்தார், இந்தப்பக்கம் பாண்டிச்சேரியில் மில் வேலை பார்த்த ஒரு கிறித்தவர். எங்கள் பகுதியில் தலித் ஒருவருக்கு 'ஆள் யாரு' என்று கேட்காமல் விற்கப்பட்ட முதல் நிலம் லேஅவுட் நிலம்தான். அப்பா வாங்கியது சென்னைக்கு அருகாமையை அல்ல, ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் சம தூரத்தில் ஒரு புள்ளியை.

எனவே முதல் குரல்காரத் தோழர்களே, 'விளைநிலத்தை அழிக்கும் பேராசை' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். அந்த விளைநிலத்தில் என் பாட்டி நடவு நட்டவர், ஒரு குழிகூட அவருக்குச் சொந்தமில்லை. நிலத்தின் பசுமை அவருக்கு அழகாகத் தெரியவில்லை, கூலியாகத் தெரிந்தது. கிராமம் பற்றிய மோகத்தை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உடைத்தாரே, அது நகரமைப்பு விவாதத்துக்கும் பொருந்தும்.

5

இத்தோடு நிறுத்தினால் ரியல் எஸ்டேட்காரர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழாகிவிடும். எனவே மறுபக்கம்.

அப்பா வாங்கியது 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை. அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரவேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் அங்கீகாரமாகப் பல்லாயிரம் பேருக்கு விற்கப்பட்டன. பதிவுத்துறையும் பதிந்துகொண்டது, முத்திரைக் கட்டணம் வந்தால் சரி. வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவானவற்றுக்கு வழி திறந்தது, கட்டணத்தோடு.

விளைவு என்ன? எங்கள் மனை அந்தத் தேதிக்கு முன் பதிவானது, எனவே விற்கலாம். ஆனால் வரன்முறைப்படுத்தாமல் வீடு கட்ட அனுமதி கிடையாது. லேஅவுட் போட்டவர் ஆளே இல்லை, ஆபீசு இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. மனை என்ற சொல்லுக்கு நான் மேலே சொன்ன பொருள்மாற்றம் இங்கே முழுமை அடைகிறது: கைமாற்றலாம், குடியிருக்க முடியாது. ஒரு வகையில் இதுதான் அதன் இயல்பே. அந்த லேஅவுட்டில் நான் எண்ணியவரை இருநூற்றுச் சொச்சம் மனை, வீடுகள் ஆறு. மற்றதெல்லாம் யாரோ ஒருவரின் மகள் கல்யாணம், யாரோ ஒருவரின் ஓய்வூதியத்துக்குப் பதில். வங்கியில் போடுவதற்குப் பதிலாக மண்ணில் போட்ட பணம். எல்லோரும் விலை ஏறட்டும் என்று காத்திருப்பதால் விலை ஏறுகிறது. ஏறுவதால், வீடு கட்டிக் குடியிருக்க நினைப்பவனுக்கு அது எட்டாமல் போகிறது. ஆறு வீட்டுக்காகத் தண்ணிக் குழாயும் பஸ்ஸும் வராது. இதைப் 'பரவல்' என்று சொல்வதுகூடத் தப்பு. ஊர் பரவவில்லை, கற்கள் பரவியிருக்கின்றன.

பிறகு மழை வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையின் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை மீறியது. திருச்சி நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டி அருகே பாலத்தைத் தண்ணீர் தொட்டு ரயில்கள் நின்றன. விழுப்புரம் புதிய பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தீர்கள். அது ஏரிக்குள் கட்டிய பஸ் நிலையம், ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது.

நான்கு நாள் கழித்து எங்கள் கற்களைப் பார்க்கப் போனேன். இடுப்பளவுத் தண்ணீர். ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் மேட்டில் நின்றிருந்தார். "இது ஏரி கலங்கலு வழிஞ்சி ஓட்ற வாய்க்கா, தம்பி. மேட்ட ஒடைச்சி மண்ணு அடிச்சி கல்லு நட்டானுங்க. நாங்க அப்பவே சொன்னோம்" என்றார். பதினேழு வருசமாக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத செய்தி. சாதியிடமிருந்து விலகி அப்பா தேடிப்பிடித்த புள்ளி, தண்ணீரின் பாதையில் இருந்தது.

ஏரிக்கரையின் மேல் பத்துப் பன்னிரண்டு இருளர் குடிசைகள் இருந்தன. 1990களின் நடுவில் திண்டிவனத்தில் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் கோரிக்கைகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல: பட்டா இல்லை, சாதிச் சான்று இல்லை, கரையே முகவரி. 2005இல் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது, 2007இல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏரிக்குத் தேவையான சட்டம், சந்தேகமில்லை. ஆனால் அது முதலில் யார் கதவைத் தட்டுகிறது? கரையில் ஒண்டியிருப்பவன் 'ஆக்கிரமிப்பாளன்'. ஏரிக்குள் பஸ் நிலையம் கட்டினால் 'வளர்ச்சி'. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் போட்டார்கள், அங்கே யாரும் யாரையும் ஆக்கிரமிப்பாளர் என்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரி போய் 'லேக் ஏரியா' என்று பெயர் மட்டும் இருக்கிறது. கலங்கல் வாய்க்காலில் கல் நட்ட நாங்கள் எந்தக் கணக்கில் வருகிறோம்? பாதிக்கப்பட்டவனும் நான்தான், ஆக்கிரமித்தவனும் நான்தான். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் முன் பகுதியில் எழுதியது பொய்யாகிவிடும்.

6

அப்படியானால் 'மேலே கட்டு' என்பதுதான் விடையா? மேலே கட்டியதை நாம் பார்த்திருக்கிறோம். சென்னையின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் அடுக்கினார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. அடர்த்தி கேட்டவர்களுக்கு அடர்த்தி. ஆனால் எங்கே? வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 20, 25 கிலோமீட்டர் தள்ளி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில். நகரத்தின் நடுவில் தனி பங்களாக்கள் அப்படியே இருக்கின்றன. அடர்த்தி என்பது ஏழைக்கு விளிம்பில், விசாலம் என்பது பணக்காரனுக்கு மையத்தில். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். வீட்டுப் பிரச்சினையை முதலாளியச் சமூகம் தீர்ப்பதில்லை, வேறு இடத்துக்கு நகர்த்துகிறது என்று ஏங்கெல்ஸ் 1872இல் எழுதியதை நம் ஊரில் நகர்த்தும் லாரிகளோடு சேர்த்து வாசிக்கலாம்.

சிங்கப்பூரைக் காட்டுவார்கள். காட்டட்டும், முழுதாகக் காட்டட்டும். அங்கே 1960இல் வீட்டு வாரியம் அமைத்து, 1966இல் நிலமெடுப்புச் சட்டம் கொண்டுவந்து, பெரும்பகுதி நிலத்தை அரசு கையில் எடுத்த பிறகுதான் அடுக்குமாடி சாமானியருக்குக் கட்டுப்படியாயிற்று. 1989 முதல் ஒவ்வொரு அடுக்கிலும் இன்ன இனத்தார் இத்தனை சதவீதம் என்ற வரம்பும் உண்டு. அதனால் சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் குறைவு என்ற குறையும் உண்டு. நிறை குறை எதுவானாலும் ஒன்று தெளிவு: அடர்த்தி தானாக மனிதரைக் கலப்பதில்லை, சட்டம் போட்டுத்தான் கலக்கவேண்டியிருக்கிறது.

நம்மிடமும் அப்படி ஒரு முயற்சி இருந்தது. 1990களின் இறுதியில் வந்த சமத்துவபுரம். 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. 2022 ஏப்ரலில் வானூர் பக்கம் கொழுவாரியில் ஒன்றைத் திறந்தார்கள். இதைக் கேலி செய்தவர்களில் நாமும் உண்டு. 'நூறு வீட்டில் சமத்துவம், மீதி ஊரில்?' என்று கேட்டோம். இன்று எனக்கு அந்தக் கேலி அவசரமாகத் தோன்றுகிறது. தவறு நூறு வீடு கட்டியதில் இல்லை, நூறோடு நிறுத்தியதில் இருக்கிறது. அரசு அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும், ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் இந்தக் கலப்பு விதியைப் பொருத்த யாரும் நினைக்கவில்லை.

மூன்றாவது குரலுக்கும் இங்கே சொல்லவேண்டும். 'மூன்று சென்ட் கொடு' என்ற கோரிக்கை நம் இயக்கங்களின் ரத்தத்தால் வந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், இதே சாலையில்தான். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு. குடிசைக்குப் பதில் கான்கிரீட் கூரை, வரவேற்கிறேன். ஆனால் இடம் இருப்பவனுக்குத்தான் வீடு. இடம் கொடுக்கும்போது மறுபடி மறுபடி காலனியின் கடைசியில், சாதிவாரியாகக் கொடுத்தால் இன்னும் 30 ஆண்டில் 14 பேர் படுக்கும் மூன்று சென்டுகளைத்தான் பெருக்குகிறோம். பட்டா கேட்கும்போது எங்கே, யாருக்குப் பக்கத்தில் என்றும் கேட்கவேண்டும்.

என் தரப்பு இதுதான். விழுப்புரமும் திண்டிவனமும் இன்னும் சிறிய ஊர்கள். 2011இல் விழுப்புரம் நகராட்சி ஒரு லட்சத்தைத் தொடவில்லை. சென்னையில் கைவிட்டுப்போனது இங்கே இன்னும் கைவிட்டுப்போகவில்லை. பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடக்கும் தூரத்தில் இருக்கிற அரசு நிலத்தில் மூன்று, நான்கு மாடி வாடகை வீடுகள், சாதிக் கலப்பு விதியோடு, அரசே வீட்டுக்காரராக இருந்து கட்டட்டும். வாடகைக்கு விடுபவர் சாதி கேட்டு மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக எழுதட்டும். ஏரி, கலங்கல், வாய்க்கால் இவற்றின் பழைய வரைபடத்தை ஒவ்வொரு பதிவு அலுவலகச் சுவரிலும் ஒட்டட்டும், அப்பா பார்த்திருப்பார். வாய்க்காலிலிருந்து எழுப்பப்படும் இருளருக்கும் மனைக்காரருக்கும் ஊருக்குள் மாற்றிடம் தரட்டும். இவ்வளவு செய்தபிறகு, விளைநிலத்தை மனையாக்காதே என்று நானும் தோழர்களோடு சேர்ந்து கோஷம் போடுகிறேன்.

7

போன மாதம் ஒரு புரோக்கர் வந்தார். பழைய நோட்டீசு இல்லை இப்போது, செல்போனில் படம். எங்கள் லேஅவுட்டுக்குப் புதுப் பெயர். 'சென்னைக்கு மிக அருகில்' போய் 'சிப்காட் மிக அருகில்' வந்திருக்கிறது. அப்பா கட்டியதைப்போலப் பல மடங்கு விலை சொன்னார். தண்ணீர் நின்ற கதை வாங்குபவருக்குத் தெரியாது, அவர் வெளியூர், ஒரு ஆயா வேலை பார்க்கிற அம்மா, அதுவும் "உங்க ஆளுங்கதான் சார்" என்றார்.

தம்பி விற்றுவிடலாம் என்கிறான். அவனுக்கு இரண்டு பிள்ளை, அந்த மூன்று சென்டில்தான் இன்னும் இருக்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த ஆயா வேலை பார்க்கிற அம்மா கண்ணில் நிற்கிறார். அவரும் எங்கள் அப்பாவைப்போல எதிலிருந்தோ விலகிவரத்தான் வாங்க வருகிறார். தெரிந்தே தண்ணீரை அவர் பேருக்குப் பத்திரம் பண்ணுவதா? அம்மாவிடம் கேட்டேன். "நம்ம பேருல ஊருக்கு வெளிய இருக்குற ஒரே எடம் அதுதாம்பா. விக்கறதுன்னா வித்துக்க. ஆனா வாங்க வர்ற அம்மாவ மழ நாள்ல கூட்டிம்போயி காட்டிட்டு வித்துக்க" என்றார்.

புரோக்கரிடம் அப்படியே சொன்னேன். அதன்பிறகு அவர் போன் எடுக்கவில்லை. தம்பி என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. இந்தக் கட்டுரையை அவனும் படிப்பான். அவனுக்கு நான் வைக்கிற மாற்று யோசனை என்ன என்று கேட்டால் என் கையில் மேலே சொன்ன கோரிக்கைப் பட்டியல்தான் இருக்கிறது, அது அவன் பிள்ளைகள் படுக்க இடம் ஆகாது. தோழர்கள் எழுதுங்கள். அடர்த்தி பற்றி அல்ல, அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று.